கன்சோல் வாங்கணுமா, சந்தா கட்டினால் போதுமா? கிளவுட் கேமிங்கின் உண்மைக் கணக்கு

ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு பெட்டி வாங்க வேண்டாம். டிஸ்க் வேண்டாம். 100 ஜிபி கேம் டவுன்லோடு ஆகி முடியும்வரை இரவெல்லாம் காத்திருக்க வேண்டாம். கையில் இருக்கும் போனில் ஆப்பைத் திறந்து, ஒரு புளூடூத் கன்ட்ரோலரை இணைத்து, 'பிளே' என்று தட்டினால் போதும். எங்கோ ஒரு டேட்டா சென்டரில் கேம் ஓடும். உங்கள் திரையில் படம் வரும்.

கிளவுட் கேமிங் தரும் வாக்குறுதி இதுதான். கேட்க நல்லாத்தான் இருக்கு.

இத்தனை நாள் இது அமெரிக்கா, ஐரோப்பா செய்தியாக மட்டும் இருந்தது. 2025 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. என்விடியாவும் தன் ஜிஃபோர்ஸ் நவ் சேவையை இங்கே கொண்டுவரப் போவதாக 2025-ல் அறிவித்தது. ஜியோ ஏற்கெனவே ஜியோகேம்ஸ் கிளவுட் என்ற பெயரில் இந்தக் களத்தில் இருக்கிறது. ஆக, கேள்வி இப்போது நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது. இனி பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பெட்டிகள் தேவையே இல்லையா?

சுருக்கமான பதில்: தேவை இருக்கும். கிளவுட் கேமிங் நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால், அது கன்சோலின் இடத்தை முழுசாகப் பிடிக்காது. அதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று, பணக் காரணம் ஒன்று, இவற்றைவிட முக்கியமாக உரிமை சார்ந்த காரணம் ஒன்று இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது?

கன்சோலில் கேம் ஆடும்போது எல்லாம் உங்கள் அறைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பட்டனை அழுத்துகிறீர்கள். பெட்டி கணக்குப் போடுகிறது. டிவியில் படம் மாறுகிறது.

கிளவுடில் அதே பட்டன் ஒரு பயணம் போய்வர வேண்டும். போனிலிருந்து வைஃபை ரவுட்டர், அங்கிருந்து இன்டர்நெட் நிறுவனம், அங்கிருந்து டேட்டா சென்டர். அங்கே இருக்கும் சர்வர் அடுத்த காட்சியை வரைகிறது. அதை வீடியோவாகச் சுருக்குகிறது. வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. உங்கள் போன் அதை விரித்துத் திரையில் காட்டுகிறது. இவ்வளவும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நடக்க வேண்டும்.

விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி விநாடி. ஒளி, ஃபைபர் கேபிளில் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. சென்னையில் இருப்பவரின் கேம் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தள்ளி மும்பையில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேபிள் நேர்கோட்டில் போனால்கூட, போய்வர மட்டும் 10 மில்லி விநாடி ஆகிவிடும். உண்மையில் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. நடுவில் பல ரவுட்டர்கள் உண்டு. படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் தனி நேரம் ஆகும். எல்லாம் சேரும்போது தாமதம் பல ஃபிரேம்களாகிவிடுகிறது.

"கன்சோலில் மட்டும் தாமதமே இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. கன்ட்ரோலர், கேம் இன்ஜின், டிவி எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அது மாறாத தாமதம். கை அதற்குப் பழகிவிடும். கிளவுடில் வரும் தாமதம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்து அறையில் யாராவது ஒரு பெரிய ஃபைலை அப்லோடு செய்தால் போதும், ஓடிக்கொண்டிருந்த ஹீரோ சுவரில் போய் முட்டுவார். கைக்குப் பழகாதது இந்த ஏற்ற இறக்கம்தான்.

சதுரங்கம், கதை சொல்லும் கேம்கள், ஆற அமர ஆடும் ரோல் பிளேயிங் கேம்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. கார் பந்தயத்தைக்கூட நல்ல இணைப்பு இருந்தால் ஆடலாம். ஃபைட்டிங் கேம், போட்டி ஷூட்டர் என்று வரும்போதுதான் கதை மாறுகிறது. எதிராளி சொந்தப் பெட்டியில் ஆடுகிறார், நீங்கள் கிளவுடில் ஆடுகிறீர்கள் என்றால், தொடங்கும்போதே நீங்கள் சில ஃபிரேம் பின்னால் நிற்கிறீர்கள்.

நெட்ஃபிளிக்ஸ் வந்தது, டிவிடி போனது. கேமிலும் அப்படித்தானே?

கிளவுட் கேமிங்கைப் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்லும் உதாரணம் இது. கேட்டவுடன் சரியாகத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஐபிஎல் மேட்ச்சை போனில் ஸ்ட்ரீமிங்கில் பார்த்த அனுபவம் இருக்கும். பக்கத்து வீட்டில் சிக்ஸருக்குக் கத்துவார்கள். உங்கள் திரையில் பவுலர் அப்போதுதான் ஓடி வந்துகொண்டிருப்பார். வீடியோ சேவைகள் படத்தைச் சில விநாடிகள் முன்கூட்டியே சேர்த்துவைத்துக்கொண்டு காட்டுகின்றன. நெட் கொஞ்சம் தடுமாறினாலும் படம் நிற்காமல் ஓடுவது அதனால்தான். மேட்ச் பார்ப்பதற்கு இந்தத் தாமதம் பரவாயில்லை.

கேமில் இது முடியாது. அடுத்த காட்சி என்ன என்பது நீங்கள் அடுத்து எந்தப் பட்டனை அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்னும் நடக்காத ஒன்றை முன்கூட்டியே சேர்த்துவைக்க வழியில்லை.

இன்னொரு வித்தியாசம் பணம் சார்ந்தது. ஒரு சினிமாவை ஒரு முறை வீடியோவாக மாற்றி உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வரில் வைத்துவிட்டால், அதே ஃபைலை ஆயிரம் பேருக்கும் அனுப்பலாம், லட்சம் பேருக்கும் அனுப்பலாம். ஒருவர் கூடுதலாகப் பார்ப்பதால் ஏறும் செலவு மிகக் குறைவு. கேமில் ஒவ்வொருவர் ஆடுவதும் வேறு வேறு ஆட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு கிராஃபிக்ஸ் சிப்பை, அல்லது அதில் ஒரு பங்கையாவது ஒதுக்க வேண்டும். மின்சாரமும் குளிரூட்டலும் தனி.

இதில் இன்னொரு சிக்கல், எல்லோரும் ஒரே நேரத்தில் வருவோம். ஆபீஸ் முடிந்து, சாப்பிட்டுவிட்டு, இரவு 9 மணிக்கு உட்காருவோம். ஞாயிற்றுக்கிழமை இரவு என்றால் கேட்கவே வேண்டாம். அந்த உச்ச நேரக் கூட்டத்துக்கு ஏற்ற அளவுக்கு சிப்கள் வாங்கி வைக்க வேண்டும். அவற்றில் பலவற்றுக்கு அதிகாலை 4 மணிக்கு வேலை இருக்காது. இப்போது அதே சிப்களுக்கு ஏஐ நிறுவனங்களும் வரிசையில் நிற்கின்றன.

இந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விழுகிறது? ஜிஃபோர்ஸ் நவ் 2024-ல் ஒரு மாற்றத்தை அறிவித்தது. காசு கட்டும் சந்தாதாரருக்கும் மாதம் 100 மணி நேரம்தான் என்பது அந்த மாற்றம். மைக்ரோசாஃப்ட், 2025 அக்டோபரில் கேம் பாஸ் அல்டிமேட் சந்தாவை அமெரிக்காவில் மாதம் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலராக உயர்த்தியது. அங்கே அப்போது டிஸ்க் வசதியுள்ள பிஎஸ்5-ன் விலை 549.99 டாலர். கணக்குப் போட்டால், ஒன்றரை ஆண்டு அல்டிமேட் சந்தா ஒரு புது கன்சோலின் விலைக்கு வந்துவிடுகிறது.

நியாயமாகச் சொன்னால், அந்தச் சந்தாவில் நூற்றுக்கணக்கான கேம்கள் அடங்கும். கன்சோல் வாங்கினால் கேமுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்டின் விலை குறைந்த திட்டங்களிலும் இப்போது கிளவுட் வசதி உண்டு. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். கன்சோலை வாங்கிவிட்டால் அதன் விலை உங்களுக்கு இனி ஏறாது. சந்தா ஏறும். எவ்வளவு ஏறும் என்பது உங்கள் கையில் இல்லை.

ஸ்டேடியா: பெரிய கம்பெனியும் தோற்கும்

கிளவுட் கேமிங் புதிய யோசனை இல்லை. ஆன்லைவ் என்ற நிறுவனம் 2010-லேயே அமெரிக்காவில் இதைத் தொடங்கியது. 2015-ல் மூடியது. அதன் காப்புரிமைகளை சோனி வாங்கிக்கொண்டது. அதற்கு முன்பே 2012-ல், கெய்காய் என்ற இன்னொரு கிளவுட் கேமிங் நிறுவனத்தை சோனி 38 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது.

ஆனால், உலகமே உற்றுப் பார்த்தது கூகுளைத்தான். 2019 நவம்பர் 19 அன்று 14 நாடுகளில் ஸ்டேடியா தொடங்கியது. உலகம் முழுக்க டேட்டா சென்டர் வைத்திருக்கும் கம்பெனி. யூடியூப் நடத்திய அனுபவம். பணத்துக்குக் குறைவில்லை. இவர்களால் முடியாவிட்டால் யாரால் முடியும் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

தொழில்நுட்பம் பெரிதாகச் சொதப்பவில்லை. நல்ல இணைப்பு இருந்தவர்களுக்கு ஸ்டேடியா நன்றாகவே ஓடியது. சொதப்பியது வியாபாரம். பெரும்பாலான கேம்களை முழு விலை கொடுத்துத் தனியாக வாங்க வேண்டும். வாங்கியது ஸ்டேடியாவில் மட்டும்தான் ஓடும். இங்கே மட்டுமே கிடைக்கும் பெரிய கேம்கள் மிகக் குறைவு. அவற்றை உருவாக்க வேண்டிய சொந்த ஸ்டூடியோக்களையும் கூகுள் 2021 பிப்ரவரியில் மூடியது. 2022 செப்டம்பரில் சேவையையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2023 ஜனவரி 18 அன்று கடையை மூடியது.

கூகுள் ஒரு நல்ல காரியமும் செய்தது. கூகுள் ஸ்டோரில் வாங்கிய கன்ட்ரோலர், ஸ்டேடியாவில் வாங்கிய கேம்கள் இரண்டுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கன்ட்ரோலரை சாதாரண புளூடூத் கன்ட்ரோலராகப் பயன்படுத்தவும் வழி செய்தது.

ஆனால் பணம் மட்டும்தானா போனது? ரெட் டெட் ஆன்லைன் கேமை ஸ்டேடியாவில் ஏறத்தாழ 6,000 மணி நேரம் ஆடிய ஒருவர், தன் கதாபாத்திரத்தை வேறு தளத்துக்கு மாற்றித் தரும்படி ராக்ஸ்டார் நிறுவனத்தைப் பொதுவெளியில் கேட்டது அப்போது செய்தியானது. 6,000 மணி நேரம் என்றால், தினமும் 8 மணி நேர வேலை என்ற கணக்கில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல். எந்த ரீஃபண்டும் அதைத் திருப்பித் தராது.

காசு நம்முடையது, சாவி யாரிடம்?

இந்தக் கட்டுரையின் முக்கியமான விஷயம் இதுதான். கன்சோலும் டிஸ்க்கும் உங்கள் அலமாரியில் இருக்கின்றன. கம்பெனி நாளைக்கே மூடினாலும் பெரும்பாலான தனிநபர் கேம்கள் ஓடும். ஆடி முடித்ததை நண்பருக்குக் கொடுக்கலாம். பழைய கடையில் விற்கலாம். தம்பிக்கு விட்டுப்போகலாம். கிளவுடில் இவற்றில் எதுவும் முடியாது. உங்களிடம் இருப்பது அனுமதி மட்டும்தான்.

அந்த அனுமதிகூட இரண்டு கம்பெனிகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் தொங்குகிறது. ஜிஃபோர்ஸ் நவ்வில், நீங்கள் ஸ்டீம் போன்ற கடைகளில் ஏற்கெனவே வாங்கிய கேமை ஸ்ட்ரீம் செய்து ஆடலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் 2020-ல் அந்தச் சேவை முறைப்படி தொடங்கிய சில நாள்களிலேயே ஆக்டிவிஷன் பிளிசார்ட் தன் கேம்களை அதிலிருந்து எடுத்துவிட்டது. வாங்கியவர்கள் வாங்கியவர்கள்தான். ஆனால் அங்கே ஆட முடியாது.

அரசுகளும் இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிசார்டை வாங்கப் போனபோது, பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஏப்ரலில் தடுத்தது. சொன்ன காரணம் கிளவுட் கேமிங். இந்தப் புதிய சந்தை ஒரே கம்பெனியின் கைக்குப் போய்விடக் கூடாது என்றது. ஆக்டிவிஷன் கேம்களின் கிளவுட் உரிமையை யூபிசாஃப்டிடம் ஒப்படைக்க மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட பிறகுதான், அக்டோபரில் வழி கிடைத்தது. கலிஃபோர்னியா 2024-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. டிஜிட்டல் கடைகள், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று போடக் கூடாது என்பது அதன் சாரம்.

பெட்டி மட்டும் யோக்கியமா?

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கன்சோல் கம்பெனிகளும் நம்மை அதே திசையில்தான் தள்ளிக்கொண்டு போகின்றன.

டிஸ்க் டிரைவ் இல்லாத பிஎஸ்5 விற்பனையில் உள்ளது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கேம்களின் கார்ட்டில் கேமே இருக்காது, டவுன்லோடு செய்வதற்கான சாவி மட்டும்தான் இருக்கும். கார் பந்தய கேமான 'தி க்ரூ'வின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று அணைத்தது. டிஸ்க் வாங்கி வைத்திருந்தவர்களாலும் அதற்குமேல் ஆட முடியவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் மனுவில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள்.

விலையும் அப்படித்தான். முன்பெல்லாம் ஒரு கன்சோல் பழசாகப் பழசாக விலை குறையும். இந்தத் தலைமுறையில் ஏறுகிறது. இந்தியாவில் பிஎஸ்5 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய். பிறகு அது 54,990 ஆனது.

அதனால் "கன்சோல் நல்லது, கிளவுட் கெட்டது" என்று எளிதாக முடித்துவிட முடியாது. ஆடுபவருக்கு எவ்வளவு உரிமை மிச்சமிருக்கிறது என்பதுதான் அளவுகோல். அந்த அளவுகோலில் டிஸ்க் முதலிடம், டவுன்லோடு இரண்டாமிடம், ஸ்ட்ரீமிங் கடைசி.

நம்ம ஊர் கணக்கு: 2 ஜிபி எத்தனை நிமிஷம்?

இனி நம் கதைக்கு வருவோம். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஸ்ட்ரீம் வந்தால், ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜிபி காலியாகும். தினம் 2 ஜிபி தரும் பிளானில் ஆடினால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. முழு எச்டி தரத்தில் 60 ஃபிரேம் வேண்டுமென்றால் 25 மெகாபிட் வேகம் தேவை என்கிறது ஜிஃபோர்ஸ் நவ். அது ஒரு மணி நேரத்துக்கு 11 ஜிபிக்கு மேல். வரம்பற்ற 5ஜி அல்லது வீட்டில் ஃபைபர் இல்லாமல் இது சரிப்பட்டு வராது.

சிக்னல் இன்னொரு கதை. மொட்டை மாடியில் 5ஜி பறக்கும், படுக்கையறையில் 4ஜி தவழும். ஸ்பீடு டெஸ்ட்டில் 200 எம்பிபிஎஸ் காட்டினாலும், பிங் குதித்துக்கொண்டே இருந்தால் கேம் ஓடாது. வேகம் வேறு, தாமதம் வேறு.

அதேநேரம், கிளவுட் கேமிங் அதிகம் பயன்படக்கூடிய இடமும் இந்தியாதான். இங்கே பெரும்பாலான வீடுகளில் கன்சோல் எப்போதுமே இருந்ததில்லை. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் என்று போனில் ஆடி வளர்ந்த தலைமுறை இது. அவர்களுக்கு கிளவுட் எந்தப் பெட்டியையும் 'மாற்ற' வரவில்லை. பெட்டி வாங்க வசதியில்லாதவருக்கு முதல் முறையாகப் பெரிய கேம்களின் கதவைத் திறக்கிறது. பிஜியில் தங்கி வேலை பார்ப்பவர், அடிக்கடி வீடு மாறுபவர், மாதத்துக்குப் பத்து மணி நேரம் மட்டும் ஆட நேரம் கிடைப்பவர் ஆகியோருக்கு இது உண்மையிலேயே நல்ல வாய்ப்பு. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் எல்லாச் சேவையும் இங்கே வரவில்லை. சோனி 2022-ல் பிளேஸ்டேஷன் பிளஸ் திட்டங்களை மாற்றியமைத்தபோது, கிளவுட் வசதியுள்ள 'பிரீமியம்' பல நாடுகளுக்குக் கிடைத்தது. இந்தியாவுக்குக் கிடைத்தது அந்த வசதி இல்லாத 'டீலக்ஸ்'.

சரி, நான் என்ன செய்யட்டும்?

உங்கள் தேவையைப் பொறுத்தது. சில எளிய வழிகாட்டல்கள்:

* வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள், கதை கேம்கள் மட்டும் ஆடுபவரா? கிளவுட் சந்தாவை முதலில் முயலுங்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். ஆட்டோபேயை உடனே நிறுத்திவையுங்கள்.
* மதியம் சோதித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். இரவு 9 மணிக்கு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஆடிப் பாருங்கள்.
* முடிந்தால் ரவுட்டரிலிருந்து நேராக கேபிள் போடுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை.
* கேம் வாங்குவதாக இருந்தால், கிளவுட் இல்லாமலும் ஆடக்கூடிய இடத்தில் வாங்குங்கள். சேவை மூடினாலும் கேம் மிஞ்சும்.
* போட்டி ஷூட்டர், ஃபைட்டிங் கேம், ஒரே கேமை ஆண்டுக்கணக்கில் ஆடும் பழக்கம்: இதில் எது இருந்தாலும் கன்சோல் அல்லது பிசிதான். செகண்ட் ஹேண்ட் கன்சோலும் மோசமில்லை, டிஸ்க் டிரைவ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

இரண்டும் இருக்கும்

கம்பெனிகளின் நடவடிக்கையைப் பார்த்தாலே எதிர்காலம் ஓரளவு புரிகிறது. கிளவுடில் மிக அதிகமாக முதலீடு செய்த மைக்ரோசாஃப்ட்கூட அடுத்த தலைமுறை எக்ஸ்பாக்ஸுக்காக ஏஎம்டியுடன் கைகோத்திருப்பதாக 2025 ஜூனில் அறிவித்தது. சோனி தன் பிளேஸ்டேஷன் போர்ட்டல் கருவியில் கிளவுட் ஸ்ட்ரீமிங்கைச் சேர்த்திருக்கிறது. ஆனால் பிஎஸ்5 விற்பனையை அது நிறுத்தவில்லை. வீட்டில் பெட்டி, வெளியே கிளவுட் என்ற கலவைதான் அவர்களின் திட்டமாகத் தெரிகிறது. நமக்கும் அதுவே நல்லது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நம்மிடம் இருக்கும்வரை.

அந்த வாய்ப்பு தானாக நிலைக்காது. ஸ்டேடியா மூடியபோது பணம் திரும்பி வந்தது கூகுளின் முடிவால். அடுத்த கம்பெனியும் அப்படியே செய்யும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இந்தியாவில் கிளவுட் கேமிங் இப்போதுதான் காலூன்றுகிறது. விதிகளை எழுதச் சரியான நேரம் இதுதான். சேவை மூடப்படுவதற்கு எத்தனை மாதம் முன்பு சொல்வார்கள், வாங்கிய கேமுக்குப் பணம் திரும்பி வருமா, சேமித்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டு போக முடியுமா? இந்த மூன்று கேள்விக்கும் பதில், பணம் கட்டும் பக்கத்திலேயே, சாதாரண மொழியில் இருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்புகள் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை, சந்தா பட்டனைத் தட்டும் முன் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சேவை அடுத்த வருஷம் இல்லாமல் போனால், என் கையில் என்ன மிஞ்சும்? 'ஒன்றுமில்லை, ஆனாலும் பரவாயில்லை' என்று தோன்றினால் தாராளமாகத் தட்டுங்கள். ஜாலியாக ஆடுங்கள். மனசு கொஞ்சம் உறுத்தினால், அந்தக் காசை மாதாமாதம் சேர்த்துவையுங்கள். ஒரு நாள் பெட்டி வாங்கலாம்.